நாலாம் வரிசை, ஏழாம் மரம்

மூன்று கம்பெனி சிம், ஒரு ரூட்டர்,
கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு ஆன்டெனா.
காட்டுக்குள்ளும் எடுக்கும் என்று
சத்தியம் பண்ணி விற்றான் கடைக்காரன்.
அவன் எந்தக் காட்டைப் பார்த்தானோ.

என் வேலை, பிறர் பேசப் பேசத் தட்டுவது.
வாத்தியார் திருநெல்வேலியில் பேசுவார்.
துறையூரில் ஒரு பெண் படிப்பாள்.
அவளுக்குக் காது கேட்காது.
நடுவில் என் பத்து விரல்.
சிக்னல் போனால்
வாத்தியார் வாய் மட்டும் அசையும்,
அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழியில் நாலு கோடும் இருந்தது.
காற்று வண்டியை அறைந்த அறையில்
'நிகர மதிப்பு' என்பது
'நிகர மிதப்பு' ஆகிப் போனது.
கொல்லங்கோட்டில் கடலைப் பார்த்து நிறுத்தினேன்.
நின்ற இடத்திலேயே போன் எல்லை தாண்டி
மலையாளத்தில் வரவேற்றது,
வரவேற்ற கையோடு வகுப்பை அறுத்தது.
முட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது
கொடியேற்றம் வரை.
அன்றைக்கு ஊரே ஒற்றை டவரை உறிஞ்ச,
கடைசிக் குடத்துக்காரிபோல்
நான் வரிசையில் நின்றேன்.

"நாகர்கோவிலில் ஒரு ரூம் எடுத்தால் என்ன?"
அக்கா கேட்டாள்.
பதில் சொல்ல வாயெடுத்தேன், லைன் போய்விட்டது.
அந்த ஒரு முறை மட்டும்
அதற்கு நன்றி சொன்னேன்.

கீரிப்பாறைக்குக் குளிர்ச்சி தேடி வந்தேன்.
சுற்றிலும் ரப்பர். ரூட்டரில் சிவப்பு விளக்கு.
பத்தரைக்கு வகுப்பு, பத்து மணிக்கு
போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு
சாமியாடி மாதிரி சுற்றி வந்தேன்.

பால் வாளியோடு நின்று பார்த்தாள் ரெத்தினபாய்.
"நெட்டு வேணுமாக்கும்?"
கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.
நாலாம் வரிசை, ஏழாம் மரம்.
பால் வடித்து முடித்த சிரட்டையைத் துடைத்து,
"இதுக்குள்ள வை" என்றாள்.
வைத்தேன்.
ஒரு கோடு. இரண்டு. மூன்று.
"எட்டாவதுல கெடைக்காதா?"
"அது சும்மா மரம். பாலுதான் தரும்."

வண்டியை மரத்துக்குப் பன்னிரண்டு அடியில் நிறுத்தி
படியில் உட்கார்ந்தேன். அன்றைய பாடம், தேய்மானம்.
"வாகனம் வாங்கிய நாள் முதலே மதிப்பிழக்கிறது"
என்றார் வாத்தியார்.
தட்டினேன், என் வண்டி காதில் விழாதபடி.
முக்கால் மணி நேரம்
ஒரு சொல்லும் கீழே விழவில்லை.

பிறகு மேலே இலைகளில் சலசலப்பு.
ரப்பர் தோட்டத்தில் துளி வருமுன்
சத்தம் வந்துவிடும்.
மரத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை
சிரட்டையை மூடியிருந்தது, போன் நனையாது.
வாத்தியார் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில்
விரல்கள் தாமாகவே போட்டுவிட்டன:
[மழை]

துறையூரிலிருந்து தனிச் செய்தி:
"சார் வீட்ல மழையா?"
"இல்லை, நான் இருக்கும் இடத்தில். மன்னிக்கவும். அழித்துவிடுகிறேன்."
மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, துடித்தன.
"அழிக்காதீங்க. நின்னா மட்டும் சொல்லுங்க."

வகுப்பு முடிந்தது. மழை முடியவில்லை.
யூரியா சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு
ரெத்தினபாய் வந்தாள்.
"பிள்ளே, மணி பன்னிரண்டாச்சு.
எனக்க மவ மஸ்கட்லேருந்து விளிப்பா.
மரத்த விடு."

எடுத்தேன். திரையின் ஓரத்தில்
ஒரு சொட்டுப் பால் காய்ந்திருந்தது,
உரித்தால் தோல் மாதிரி வந்தது.
அவள் போன் சிரட்டைக்குள் போனது.
இரண்டடி தள்ளி, எனக்கு முதுகு காட்டி,
மழையைவிட உரக்கப் பேசத் தொடங்கினாள்.

பன்னிரண்டேகாலுக்கு மழை நின்றது.
என்னிடம் ஒரு கோடும் இல்லை.
துறையூரில்
இன்னும் பெய்துகொண்டிருக்கும்.