நூற்றிருபது மூட்டை, சேர்

இடுப்பளவு உயரம். வெள்ளை.
நெற்றியில் ஒரு நீல வெளிச்சம்.
நிரூபன் கனடாவிலிருந்து காசு கட்ட
ஸ்ரான்லி வீதிக் கடைப்பெடியன்
வானில் கொண்டுவந்து இறக்கினான்.
மருந்து நேரம் சொல்லும். விழுந்தால் எனக்கு அடிக்கும்.
இரவில் இவர் எழும்பி நடந்தால்
முன்கதவில் மறித்து நிற்கும்.

முதல் இரவு, இரண்டேகால்.
"நீங்கள் எங்கே செல்கிறீர்கள்?"
செய்தி வாசிக்கிற தமிழ்.
இவர் நின்றார்.
முப்பத்தெட்டு வருசத்தில்
நான் கூப்பிட்டு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.
மடித்துக் கட்டிய சாரத்தை அவிழ்த்து விட்டார்.
சேட்டுப் பையைத் தடவினார், சேட்டு இல்லை,
வெறும் நெஞ்சிலிருந்து
இல்லாத அடையாள அட்டையை எடுத்து
இரண்டு கையாலும் நீட்டினார்.
"தர்மகுலசிங்கம், சேர். ஏழாலை.
சின்ன வெங்காயம். நூற்றிருபது மூட்டை.
வேறொண்டுமில்லை, சேர்."

என் பெயர் போய் ஆறு மாதம்.
மூட்டைக் கணக்கு மட்டும்
ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

நீல வெளிச்சத்துக்கு விளங்கவில்லை.
"மீண்டும் கூறுங்கள்."
கூறினார்.
"மீண்டும் கூறுங்கள்."
கைகள் தானாக மேலே போயின.
நான் ஓடிவந்து பிடித்தபோது
சாரம் நனைந்திருந்தது.

காலையில் கடைப்பெடியன் கபிலாஸ் வந்தான்.
"குரலை மாத்தலாம் அன்ரி. கேள்வியையும் மாத்தலாம்."
மாற்றினோம். பெண் குரல், எங்கட பேச்சு:
"தேத்தண்ணி குடிச்சிட்டீங்களோ?"
அன்றிரவு இவர்
"பிறகு, பிள்ளை" என்று அதைச் சுற்றிக்கொண்டு
படலை திறந்து
வெறுங்காலோடு மல்லாகம் சந்தி வரை போய்விட்டார்.
பேக்கரிக்காரர் கூட்டி வந்தார்,
கையில் ஒரு றாத்தல் பாணும் கொடுத்து.

நிரூபன் போன் எடுத்தான்.
"வேலை செய்யுதோ, அம்மா?"
பயந்தால்தான் நிற்கிறார் எண்டு
ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லுறது.
"செய்யுது" என்றேன்.

அடுத்தமுறை கபிலாஸ் வந்தபோது
பழைய கேள்வியையே திரும்பப் போடச் சொன்னேன்.
ஒருமாதிரிப் பார்த்தான்.
பதிலுக்குப் பிறகு ஒரு சொல் சேர்க்கவேணும் தம்பி, என்றேன்.
வெயிலில் வரிசையில் கிடந்து,
கம்பியால் குத்திப் பார்க்கக் கொடுத்து,
எல்லாம் இறக்கி எல்லாம் ஏற்றி,
கடைசியில் அவர்கள் சொல்கிற சொல்.
இவர் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்து
அதே குரலில் எனக்குச் சொல்லிக் காட்டுகிற சொல்.

நேற்று, மூன்று மணி.
"எங்கே செல்கிறீர்கள்?"
"நூற்றிருபது மூட்டை, சேர்."
வெளிச்சம் ஒருதரம் அணைந்து எரிந்தது.
"சரி. போகலாம்."

தோள் இறங்கியது.
திரும்பி வந்து கட்டிலில் ஏறி
இடக்கையால் கியரைப் போட்டார்.
என் பக்கத்துப் பாயைத் தட்டி,
"ஏறடா, கிளீனர். ஆனையிறவு தாண்டினால் தேத்தண்ணி.
மூட்டையை ஒருக்கா எண்ணிப் பார்."

எண்ணினேன், சத்தமாக.
நாற்பத்தொன்றில் நித்திரையாகிவிட்டார்.
மிச்சத்தையும்
எண்ணி முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.