ஒன்றரைக் கிலோ

செவ்வாய், மாலை ஆறே கால்.
டண்டீ பணிமனையில் பேருந்தை நிறுத்திவிட்டு
இறங்காமல் இருக்கிறாள் செங்கா.
ரோனா கூப்பிடும் நேரம்.

ரோனாவை அவள் பார்த்ததில்லை.
பதினான்கு வாரமாக ஒரு குரல்.
"இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று தொடங்கும்.
"முடியாத நாளையும் எழுதுங்க" என்று முடியும்.

எழுதியிருக்கிறாள்.
திங்கள்: ஓட்ஸ் கஞ்சி, சர்க்கரை இல்லை.
செவ்வாய்: சிப்ஸ், ஒரு பொட்டலம்.
(அடித்துத் திருத்தி, இரண்டு.)
புதன்: மாத்திரை தின்ற முழங்கால்
எண்ணெய் காணாத கீல் மாதிரிக் கத்தியது,
இருந்தும் ஆற்றோரமாக ரயில் பாலம் வரை.
வியாழன்: இஷ்பெல் வீட்டுச் சாவு.
சாண்ட்விச். எண்ணவில்லை.

மருந்து ஏற்றிய மாதங்களில்
எடை இறங்கினால் நர்ஸின் முகமும் இறங்கும்.
"இளைச்சுட்டியே, ரெண்டு வாய் சாப்பிடேன்."
வாசலில் யாராவது ஒரு பாத்திரத்தோடு நிற்பார்கள்.
பிறகு, முடிந்தது என்றார்கள்.
மணி அடிக்கச் சொன்னார்கள், அடித்தாள்.
பாத்திரங்கள் நின்றன.
பதினோரு கிலோ வந்து குடியேறியது,
வாடகை தராத ஆளைப்போல.
இப்போது இளைக்கச் சொல்கிறார்கள்.
அதே சொல்.

இன்று காலை
ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது.
கைதட்ட வேண்டிய கை
கழுத்துக்குப் போனது, அக்குளுக்குப் போனது,
தழும்பின் ஓரம் முழுக்க நடந்து தேடியது.

வில்மாவுக்கு இரண்டாம் முறை
இப்படித்தான் தொடங்கியது.
"அழகா இளைச்சிருக்கே" என்றார்கள் எல்லோரும்.
செங்காவும்தான்.

சொல்லி முடித்தாள்.
குரல் கொஞ்ச நேரம் வரவில்லை.
தொடர்பு அறுந்ததோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன்.
நாளைக்கே டாக்டரைக் கேட்டுடலாம், நானும் எழுதறேன்.
நோட்டு பக்கத்துல இருக்கா?
முதல் வாரத்துல இருந்து வாசிங்க."

வாசித்தாள்.
கையொடிந்த வயலட் பென்சிலில் எழுதிய பக்கங்கள்,
டீக்கறை, எட்டு நூறு அடி, ஆயிரத்து இருநூறு,
"மழை, போகவில்லை",
"மழை, போனேன்",
பாதி ஸ்கோன், மீதியை வெளியே புறாவுக்கு,
லிஃப்ட் பழுது என்று பொய் சொல்லிக்கொண்டு ஏறிய மாடி.
துப்புரவுக்கு வந்த டுகல்
வாளியோடு நின்று கேட்டான், போகவில்லை.

திருட்டுப் போனதற்கு ரசீது கிடையாது.
இதற்கு நாற்பது பக்கம்.

நம்பினாளா?
பாதி.
தொலைபேசியை வைத்ததும் அக்குளை
இன்னொரு முறை தொட்டுப் பார்த்தாள்.

வெளியே தூறல்.
வீட்டுக்கு இரண்டு நிறுத்தம்; நடந்துவிடலாம் என்று இறங்கினாள்.
முதல் நிறுத்தத்தில் முழங்கால் போதும் என்றது.
கூரைக்கடியில் நின்று, நோட்டை மடியில் விரித்து,
செவ்வாய் என்பதற்கு எதிரே எழுதினாள்:
ஒன்று.