சாண் என்ன, முழம் என்ன

ஊத்தான் மெலிந்தாங் படகுத்துறையில்
கடல் துறை அதிகாரி குணவதி
முழங்கால்வரை சேறாகி
படகொன்றை அளந்துகொண்டிருந்தார்.

எதிரே ஆலையின் எடைமேடையில் நான்.
செம்பனைக் குலை லாரி ஏறும், எண் எரியும்;
இறங்கும், எண் அணையும்.
பத்துக் கிலோ பிசகினால் மானேஜர் போன் அடிப்பார்.
படகில் ஏறுகிறவர்களை எண்ண
அதுவரை யாரும் வந்ததில்லை.

வீரையாவின் படகு.
அக்கரைத் தோட்டத்துக்கு விடியலில் ஒரே நடை,
இருபத்துமூன்று பேர்:
உரம் போடும் பெண்கள்,
நீளக் கம்பில் அரிவாள் கட்டிய லொம்போக் ஆட்கள்,
தூக்குச்சட்டிகள், ஒரு தடவை ஓர் ஆடு.
தலைக்கு இரண்டு வெள்ளி. ஆட்டுக்கு மூன்று.

"மிதவைச் சட்டை எத்தனை?"
"இருக்கு மேடம்."
"எத்தனை?"

ஒன்பது கிடைத்தன.
மூன்று, எஞ்சினடியில் எண்ணெய் குடித்துக் கிடந்தன.
இரண்டு, தேத்தண்ணிக் கடை பெஞ்சில் மெத்தையாக.
ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது.
அதை எடுக்கச் சொல்லவில்லை அவர்,
கணக்கில் சேர்க்கவும் இல்லை.

"பன்னிரண்டு பேர்" என்று எழுதினார்.

"தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன மேடம்"
என்றார் வீரையா. துறையே சிரித்தது.

குணவதி இருபத்துமூன்று பேரையும்
வழக்கம்போல் ஏறி உட்காரச் சொன்னார்.
குனிந்து
படகின் பக்கப்பலகையில் கையை விரித்து வைத்தார்.
கட்டைவிரல் ஆற்றில் நனைந்தது.
சுண்டுவிரல்
விளிம்பைத் தாண்டிக் காற்றில் நின்றது.

"போன பிறகு ஒன்றுதான், ஐயா.
போகிறவரைக்கும் சாண் வேறு, முழம் வேறு.
இங்கே சாணே இல்லை."

யாரும் சிரிக்கவில்லை.
படகுக்குள்ளிருந்து சரசுபதி கேட்டாள்:
"லாரியில நாப்பது பேரை
நிக்க வச்சுக் கொண்டு போறானே,
அதுக்கு எந்தத் துறை மேடம் வரும்?"

பேனா தாளுக்கு மேலேயே
கொஞ்ச நேரம் நின்றது.
"என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை."
கூசவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

அன்று படகு போகவில்லை.
பெரட்டில் இருபத்துமூன்று பேர் விழவில்லை.
என் எடைமேடை நிழலில் உட்கார்ந்து
அந்த அம்மாவைத் திட்டினார்கள்.
நானும் திட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

வியாழன் முதல் இரண்டு நடை.
படகின் விலாவில் புதிதாய் ஒரு வெள்ளைக் கோடு,
பக்கத்தில் 12.
முதல் நடை சரசுபதிக்கு விழுந்தது.
ஐந்து மணிக்கு வைத்த உலை
இப்போது நாலே காலுக்குக் கொதிக்கிறது.
அந்த முக்கால் மணித் தூக்கத்துக்கு
தோட்டம் ஒரு சென் கூட்டவில்லை.
அதற்கும் கட்டம் இல்லை.

நவம்பரில் ஒரு நாள்
மழை, பெருக்கு, இன்னும் வெளுக்காத வானம்.
எண்ணெய் பார்ஜ் ஒன்று
வேகம் குறைக்காமல் வளைவில் திரும்பியது.
அலை கிளம்பியதைப் பார்த்தேன்.
அது படகைத் தொட எடுத்துக்கொண்ட நேரத்தில்
ஒரு லாரியை முழுதாக எடை போட்டிருக்கலாம்.

கோடு முழுகியது.

ரசீதில் எண் எழுத மறந்தேன்.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

கோடு மேலே வந்தது, சொட்டச் சொட்ட.
பன்னிரண்டு ஆரஞ்சுச் சட்டைகள்
உட்கார்ந்தது உட்கார்ந்தபடி.
சரசுபதி மடியில் தூக்குச்சட்டியை
நேராக வைத்துக்கொண்டாள்.

அக்கரையில் இறங்கும்போது
பலகையில் கையை விரித்து
அளந்து பார்த்தாளாம்;
வீரையா சொன்னார்.
எவ்வளவு என்று சொல்லவில்லை.

குலை ரசீதின் பின்பக்கம்
பார்ஜின் எண்ணைக் குறித்து வைத்திருந்தேன்.
மதியம் கடல் துறைக்குப் போன் போட்டேன்.
நெடுநேரம் மணி அடித்தது.
"ஆற்றில் வேகமாகப் போகிற பார்ஜுக்கு
உங்கள் தாளில் கட்டம் இருக்கிறதா?"
என்று முதலில் கேட்டேன்.

"இருக்கிறது, சொல்லுங்கள்" என்றது ஒரு குரல்.

எடைமேடையில் லாரி காத்திருந்தது.
ஒவ்வோர் எண்ணாக,
நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.