பாலாடா, இரவு இரண்டரை

முன்கண்ணாடியில் உறைந்த பனியைப்
பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுகிறேன்.
பணம் எடுக்க உதவாத கார்டு
இதற்காவது உதவுகிறது.

எங்கள் வளைவில் கேரட் கழுவும் மிஷின் நான்கு.
ஆட்கள் நான்குக்கும் பொது.
எந்த ஜீப்பில் ஏறுவதென்று
ஒவ்வொரு இரவும் அவர்கள்தான் முடிவெடுக்கிறார்கள்.
முதலாளி நான் என்று
வங்கிக் கடன் பத்திரத்தில் மட்டும் எழுதியிருக்கிறது.

கோயமுத்தூரில் எம்பிஏ படித்த கொழுந்தன் சொன்னான்:
"போட்டி வேணும் அண்ணி.
ஆளுக்கொரு இலக்கு, முடிவில் ஒரு பரிசு."
ஐந்து லிட்டர் குக்கர் வாங்கி
ஷெட் கம்பியில் தொங்கவிட்டேன்.
மாதக் கடைசியில்
அதிக மூட்டை தைத்தவருக்கு.

முதல் வாரம் மூட்டைகள் ஏறின.
போட்டோ எடுத்து அனுப்பினேன்,
கட்டைவிரலை அனுப்பினான்.

இரண்டாம் வாரம்
கோணி ஊசிகள் காணாமல் போயின.
புஷ்பலீலா தன் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.
வெடித்த கேரட்டெல்லாம்
மூட்டையின் வயிற்றுக்குள் போயிற்று.
மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து போன்:
"என்னம்மா, வாய்ப்பக்கம் மாப்பிள்ளை,
உள்ளே சீக்காளி?"

மூன்றாம் வாரம்
மங்ராவின் கையுறையை பெல்ட் இழுத்தது.
விரல் தப்பியது.
ஆனால் அவன் கத்திய பிறகும்
தைத்துக்கொண்டிருந்த ஊசிகள் நிற்க
கொஞ்ச நேரமானது.
முன்பெல்லாம் இங்கே
ஒருவர் தும்மினால் மூவர் திரும்புவார்கள்.

நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை. மங்ராதான்.
கை தட்டினோம்,
ஈரக் கையுறைகளின் சத்தம் வந்தது.
"ரூம்ல கேஸ் இல்லக்கா" என்று
குக்கரை ஷெட்டிலேயே வைத்துவிட்டுப் போனான்.
இப்போது அது பின்பக்க விறகடுப்பில்.
யார் அரிசி போடுகிறார்கள் என்று
நான் கேட்டதில்லை.
ரப்பர் போய்விட்டது, விசில் வராது,
கஞ்சி மட்டும் வரும்.

அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் கற்கவில்லை.
சில்லறையாகச் சில தெரியும்.
லீலா என்று சுருக்கினால்
புஷ்பலீலா திரும்ப மாட்டாள்.
மங்ராவுக்குப் பணம் சனிக்கிழமை வேண்டாம்,
செவ்வாய்க்கிழமை வேண்டும். காரணம் அவனுடையது.
தேவகிருபையை முன்சீட்டில் உட்கார வைத்தால்
கொண்டைஊசி வளைவில் வாந்தி வராது.
தொட்டித் தண்ணீரில் என் கையும் விறைக்க வேண்டும்,
முதல் லோடுக்காவது.
திட்டும்போது மிஷினை நிறுத்தக் கூடாது,
அந்தச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது.
பாராட்டுவதென்றால் நிறுத்தலாம்.

இந்த வாரம் கேரட் கிலோ ஆறு ரூபாய்.
நேற்று விடியலில் மிஷினை நிறுத்தினேன்.
பாராட்டு என்று நினைத்திருப்பார்கள்.
"நாளையிலிருந்து பாதிக் கூலிதான்.
மீதி, விலை ஏறினால்.
பெள்ளியண்ணன் ஜீப்பில் முழுசாகத் தருகிறார்,
அதையும் நானே சொல்லிவிடுகிறேன்."
ஒருவரும் பேசவில்லை.
புஷ்பலீலா குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள்.
அப்படிக் கவிழ்த்ததற்கு
என்ன அர்த்தமென்று
பகல் முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நிழற்குடை.
எனக்கு முன்பே பெள்ளியண்ணன் ஜீப்,
இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.
பின்னால் நிறுத்துகிறேன்.
இருட்டில் பதினோரு நெற்றி லைட்டுகள்,
முகம் தெரியவில்லை,
மூச்சுப் புகை மட்டும் தெரிகிறது.
சில லைட்டுகள் முன்னால் போகின்றன.
குறை சொல்ல என்ன இருக்கிறது,
அவர்கள் வீட்டிலும் அரிசி கொதிக்க வேண்டும்.

பின்கதவு திறக்கிறது.
ஜீப் ஒருமுறை தாழ்கிறது, இன்னொரு முறை,
பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.
முன்சீட்டில் தேவகிருபை,
காதில் மப்ளரோடு, எதுவும் சொல்லாமல்.
பின்னாலிருந்து புஷ்பலீலா:
"டீசல் இருக்கா?"
"இருக்கு."
"அப்ப ஏன் நிக்குது?"

கியரைப் போட்டேன்.
எத்தனை பேர் ஏறினார்கள் என்று
கண்ணாடியில் பார்க்கக் கூடாதென்று இருந்தேன்.
முதல் வளைவு வரை
பார்க்கவில்லை.