பத்திநாதர் எண்ணிய தலைகள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
பொபினி நகரசபையின் கடிதத்தில் அதுதான் முதல் நிபந்தனை.
இரண்டாவது, சனி இரவு பத்து மணிக்குள் திறப்பு திரும்பி வரவேண்டும்.
ஆகவே தங்கூசி வாங்கினோம்,
உடுப்புக் காயவிடும் கிளிப் இருநூறு வாங்கினோம்.
பத்திநாதர் இருந்திருந்தால்
ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்திருப்பார்.

பத்தொன்பது வருடம்
அவர் எடுத்தார், நான் வெட்டினேன்.
வியாழன் இரவு, அச்சகத்துக்கு அனுப்பும் அவசரத்தில்
வெறுங்கதிரைகளை எடு என்பார் ஆசிரியர்.
எடுத்தேன்.
கொட்டாவி விடும் பிரமுகரை,
பின்வரிசையில் பாணுக்குள் சம்பல் வைத்துத் தின்னும் பையனை,
மேடைக்கு முதுகு காட்டிப் ஃபோன் பேசும் தாயை.
மிஞ்சியது
நிரம்பி வழிகிற மண்டபம்.

இப்போது முழுப்படமும் தொங்கவேண்டும் என்றது நினைவுக்குழு.
கதிரைகளும் வருமே என்றேன்.
தேநீர் வந்துவிட்டதால் யாருக்கும் கேட்கவில்லை.

றெஜினா அக்கா கொண்டுவந்தது ஒன்பது சப்பாத்துப் பெட்டி.
நெகட்டிவ்களுக்கு அடியில் சின்னக் கொப்பிகள்.
திகதி, இடம், வானிலை. பிறகு மூன்று நிரல்.
ஏற்பாட்டாளர் சொன்னது. பொலிஸ் சொன்னது.
மூன்றாவதற்குத் தலைப்பே இல்லை.

றிப்பப்ளிக் சதுக்கம், மழை.
பத்தாயிரம்.
ஆயிரத்து ஐந்நூறு.
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

அன்றைய படங்களை வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் விளங்கியது.
இருபத்தேழு சட்டகம், தலைக்கொரு ஊசிமுனைப் புள்ளி.
குடைக்கு ஒன்று,
குடையின் கீழே இரண்டு சோடிக் கால் தெரிந்தால் இரண்டு.
தோளில் தூங்கும் பிள்ளைக்கும் ஒன்று.
உணவகத்தில் கோப்பை கழுவி முடித்து வந்து
சமையலறை மேசையில் இருந்து எண்ணியிருக்கிறார் மனுசன்.
எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.
பத்தாயிரம் என்று நாங்கள் தலைப்பிட்ட பத்திரிகையை
அவரேதான் காரில் ஏற்றி
லாச்சப்பல் கடை கடையாகப் போட்டார்.

‘செத்த மனிசனை வைச்சுச் சனத்தைக் குறைக்கிறியளோ?’
செயலாளர் குணபூஷணத்துக்குக் குரல் உடைந்துவிட்டது.
அன்று மழையில் நின்றவர் அவர். காய்ச்சலோடு நின்றவர்.
ஒரு கிழமை சண்டை.
படம் இருக்கட்டும், எண் வேண்டாம் என்றார் பொருளாளர்.
எண் இருக்கட்டும், இந்தப் படம் வேண்டாம் என்றார் இன்னொருவர்.

றெஜினா அக்கா பூதக்கண்ணாடியோடு யன்னலடியில் இருந்தா.
பதினெட்டாவது சட்டகத்தில்
பொத்தானை மாற்றிப் பூட்டிய கோட்டோடு ஒரு பெண்.
‘இஞ்சை பாருங்கோ, எனக்கும் ஒரு புள்ளிதான் போட்டிருக்கிறார்’
என்று சிரித்தா. நெடுநேரம் சிரித்தா.
பிறகு, ‘கொழுவுங்கோ’ என்றா.

வெள்ளி இரவு தூக்கம் வரவில்லை.
நானும் புள்ளிகளை எண்ணிப் பார்த்தேன்.
மூவாயிரத்து நானூற்றுப் பதினொன்று.
திரும்ப எண்ணினேன், பதினொன்றுதான்.
கணக்கில் பிழை விடுகிற ஆளில்லை அவர்.

சனிக்கிழமை தங்கூசி தொய்ந்தது.
வெப்பக்காற்று அடிக்கும்போதெல்லாம் படங்கள்
சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டன.
வந்தவர்கள் முதலில் தங்களைத் தேடினார்கள்,
பிறகு ஊரவரை,
பிறகுதான் கீழே பென்சிலால் எழுதியிருந்ததை வாசித்தார்கள்.
தாடி வைத்த ஒருவன் பாண் தின்னும் பையனுக்கு முன்னால்
அசையாமல் நின்றான்.
பூட்டும் நேரம் அங்கே கிளிப் மட்டும் தொங்கியது.

வியாழன் பத்திரிகையில் ‘பெருந்திரளான மக்கள்’ என்று வரும்,
பக்கத்தை நான்தான் கட்டப்போகிறேன்.
கதவடியில் நின்று எண்ணினேன்,
இரண்டு தரம் வந்த குணபூஷணத்தை ஒன்றாக,
வண்டிலில் கிடந்த கைக்குழந்தையையும் சேர்த்து.
நூற்றுப் பதினேழு.

அவருடைய கடைசிக் கொப்பியில் இடம் இருந்தது.
திகதி, பொபினி, தூறல்.
மூன்றாம் நிரலில்
நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.