ஒரே வாய்க்கால்

முரசுமோட்டை, மூன்றாம் வாய்க்கால்.
திட்ட அலுவலகத்துக்கு
முறைப்பாடு ஆங்கிலத்தில் வேண்டுமாம்.
கமக்காரர் அமைப்பின் செயலாளர் கைவிரித்துவிட்டார்.
ஓ.எல் இங்கிலிசில் சீ எடுத்த நான்
பரந்தனில் வாங்கிய சிவப்பு அகராதியோடு
உரப்பையில் குந்தியிருக்கிறேன்.

எழுதவேண்டியது இவ்வளவுதான்:
செவ்வாய் இரவு, என்னுடைய முறையில்,
அருந்தவம் பலகையை உயர்த்தித்
தன் வயலுக்குத் தண்ணியைத் திருப்பினான்.
சிறுபோகம். பயிர் குடலைப் பருவம்.
பதராய்ப் போனால் வங்கிக்கு யார் கட்டுவது?

அவனை என்னவென்று எழுத?
எனிமி என்ற சொல்லை
இந்த மண்ணில் போதுமளவு பாவித்துவிட்டார்கள்.
மெல்லியதாய் ஒன்று தேடிப் புரட்ட,
றைவல்.
கீழே எறும்பெழுத்தில்:
இலத்தீன். றீவுஸ், ஓடை.
றிவாலிஸ், இன்னொருவனோடு
ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன்.

சிரித்துவிட்டேன். நாய் எழும்பிப் பார்த்தது.

ரோமாபுரிக்கு வெளியே எங்கேயோ
முழங்கால் சேற்றோடு ஒருவன்
நடுச்சாமத்தில் வரம்பில் நின்று
மேல்வயல்காரனைத் தூஷணத்தால் திட்டியிருக்கிறான்.
பிறகு அந்தச் சொல் கால் கழுவி, கப்பலேறி,
ஓட்டப்போட்டிக்கும் தேர்தலுக்கும் காதலுக்கும் போய்
ஈரம் காய்ந்து
இப்போது வந்து நிற்கிறது, இரணைமடுத் தண்ணிக்கு.

எங்களுக்கு மட்டும் என்ன,
பங்காளி என்கிறோம்.
பங்கு உள்ளவன். வழக்கில் எதிரே நிற்பவனும் அவனே.
ஒரே சொல்லுக்குள் வேலியும் அடைத்து
அதிலே பொட்டும் வைத்திருக்கிறோம்.

ஊர் வெறுமையாய்க் கிடந்த அந்த வருடம்
இந்த வாய்க்காலுக்குப் பங்காளி எவனுமில்லை.
கதவுகள் துருவேற, தண்ணி தன்பாட்டில்
சம்புக்குப் போனது.
திரும்பி வந்த முதல் காலபோகம்,
தறப்பாளுக்குள் நித்திரையின்றிக் கிடந்தேன்.
எதிர்க்கரையில் யாரோ இருமினார்கள்.
அருந்தவம்.
அந்த இருமலைக் கேட்டபிறகுதான் கண்ணயர்ந்தேன்.

அதற்காகக் கடதாசியைக் கிழிக்கவில்லை.
முறை முறைதான்,
தவறினால் முறைப்பாடுதான்.
றைவல் என்றே எழுதிக் கையொப்பமிட்டேன்.
பொறியியலாளர் பகைவன் என்று வாசிப்பார்,
வாசிக்கட்டும்.

இன்றிரவு இரண்டு மணிக்கு என் தண்ணி.
டோர்ச்சுக்குப் புது பற்றி போட்டாயிற்று.
அவனும் வருவான், தெரியும்,
தை மாதம் என்னிடம் இரவல் வாங்கிய
மண்வெட்டியோடு.