நிலை

ஆற்றைவிடத் தாழ்ந்த ஊர்.
கரைக்கு அப்பால், கூரைகளுக்கும் மேலே
கப்பல் போகிறது ஹாம்பர்க் பக்கம்.
முதல் நாள் அதன் சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி
எண்ணிக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் நாளிலிருந்து வேலை.

பழங்கட்டடத் துறை அனுப்பி வந்தவள் நான்.
அளவுநாடா, ஈரமானி,
பதினான்கு பக்கப் படிவம்.
வீட்டு எண் ஏழு: கருவாலிச் சட்டங்கள்,
சட்டத்துக்குச் சட்டம் செங்கல் அடுக்கு வேறு,
ஒன்றில் காற்றாலை, ஒன்றில்
இடியை விரட்டும் துடைப்பம்.
நாணற்கூரை. நாணலில் பாசி.
முகப்பில் ஒரு சின்னக் கதவு.
வெளியே கைப்பிடி இல்லை, சாவித்துளை இல்லை.

"மணப்பெண் கதவு" என்றாள் கேஷே வோல்டர்ஸ்
காலணிச் சேற்றைக் கல்லில் தேய்த்தபடி.
"கல்யாணத்தன்று ஒருமுறை உள்ளே.
அப்புறம் பெட்டியில் ஒருமுறை வெளியே.
நடுவில் எல்லாரும் மாட்டுக்கொட்டில் வழி."
நீங்கள்?
"பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
மருந்தடிக்கப் போனோம்."

படிவத்தில் எழுதினேன்:
கீல்கள், 1683. துரு.
அசைக்கக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம் தொடங்கினால்
அடுத்த ஊர்வரை முடியாது.
ஆப்பிள், வாய்க்கால், ஆப்பிள், வாய்க்கால்,
நடுவே அடங்காத ஒரு செர்ரி.
ஏப்ரல் கடைசி. மொட்டெல்லாம்
கிள்ளிவிட்ட கன்னம்போல.

இரவு ஒன்று நாற்பதுக்குப் பனிமணி அடித்தது.
ஊர் முழுக்க விளக்கு.
பூவைக் காக்கப் பூமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்;
எனக்கு அது பைத்தியமாகப் பட்டது.
"உறையும்போது தண்ணீர்
தன்னிடமிருந்த கடைசிச் சூட்டை விட்டுப்போகும்.
மொட்டுக்கு அது போதும்" என்றான் ட்யார்க், அவள் மகன்.
"ஆனால் நிறுத்தக் கூடாது."

மூன்று மணிக்கு நின்றது.

பம்ப் இருமியது, புகைந்தது, அவ்வளவுதான்.
மாற்றுப் பம்ப் கொட்டகையில் இல்லை.
கொட்டகை சரியும் என்று
போன வாரம் பூட்டவைத்தது நான்.
துண்டு துண்டாகக் கழன்று, வீட்டுக்குள் நுழைந்து,
அன்று மாலைதான் முழுசாகப் பூட்டப்பட்டு
அது நின்றிருந்தது
அந்தக் கதவுக்குப் பின்னால்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
பறிப்புக்காலத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட
மிர்ச்சாகூட, ருமேனிய மொழியில் பார்த்தான்.
படிவத்தைக் கீழே வைத்தேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பொரிக்கிற எண்ணெயைக் கீலில் ஊற்றியதும் நானே.
கேஷே தாழை நீக்கினாள்.
ஊஹும்.
தோள் கொடுத்தோம்.
மேல் கீல் வெடித்தது, சுள்ளி ஒடிகிற சத்தத்தில்.

நிலையில் இடித்து, உரசி,
நான்கு பேர் தோளில்
வெளியே வந்தது மஞ்சள் பம்ப்.
நான்கு பேர், தோளில்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மிர்ச்சா மட்டும் ஒரு கையால் சிலுவை போட்டு
சிரித்துவிட்டான். பிறகு எல்லாரும்.

விடிந்தபோது தோட்டம் கண்ணாடி.
ஒவ்வொரு பூவும் தன் குமிழுக்குள்
கண் திறந்தபடி.
தேவாலயம் ஆறு அடித்தது.
அதன் மணிக்கூண்டு தனியாக, மரத்தில்,
தென்மேற்காகச் சாய்ந்து நிற்கிறது;
எவ்வளவு சாய்வு என்று நாளை பார்க்கவேண்டும்.

கேஷே அந்தக் கதவு வழியாக வந்து
வாசற்கல்லில் உட்கார்ந்து காபி குடித்தாள்.
எதிர்வீட்டு ஹின்னெர்க் வேலியோரம் நின்று
தலையை ஆட்டினான்: ஆகாது, ஆகாது.
"எனக்கு இன்னும் பெட்டி வரவில்லை" என்றாள்.
கோப்பை தீர்ந்ததும்
அதே வழியாக உள்ளே போனாள்.
கீழே கிடந்த கீலை
என் கைக்குட்டையில் சுற்றிவைத்தேன்.

பக்கம் ஒன்பது.
கதவின் நிலை: திறக்கிறது.
சேதம்: மேல் கீல்.
காரணம் எழுதும் கட்டம் மிகச் சின்னது.
ஓரெழுத்துக்குத்தான் இடம்.
பூ.